பெஞ்சின் மேல் புற்றுமண்

என் வீட்டுக்காரருக்கு நூறு கிலோ தூக்கத் தெரியும். விளக்குமாறு தூக்கத் தெரியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அதனால் திருவேங்கடம் ரோட்டில் ஒரு மாடியைப் பிடித்து அவர் ஜிம் ஆரம்பித்தபோது, பயிற்சி அவர் பொறுப்பு, சுத்தம் என் பொறுப்பு என்று பேசாமலே முடிவாகிவிட்டது. நடுவில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தோம். வந்தவள் இரண்டு நாள் துடைத்தாள். மூன்றாம் நாள், "யக்கா, நீங்க பின்னாலயே நின்னு பாத்துட்டு இருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். பிறர் துடைத்தது எனக்குத் துடைத்ததாகவே தெரியாது.

அந்த ஜிம்மில் பெண்களுக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்று இரண்டு வருடம் அவரோடு மல்லுக்கட்டினேன். யார் வருவார்கள், எந்த மாமியார் விடுவார், எந்தப் புருஷன் விடுவான் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போன மாசி மாதம் இறங்கி வந்தார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை பெண்கள் நேரம். ஆனால் ஒரு நிபந்தனை.

"பங்குனி கடைசி வரைக்கும் பாப்போம். நாலு பேராவது நிலையா வந்தா வச்சுக்கிடுவோம். இல்லன்னா அந்த நேரத்தத் தறி ஷிப்டு ஆளுகளுக்குக் குடுத்துருவோம்" என்றார்.

"நாலு பேர்ல நானும் ஒருத்திதான?" என்று கேட்டேன்.

"ஓனர் பொண்டாட்டி கணக்குல வராது."

வந்தது சரியாக நான்கு பேர். முதலில் வந்தவள் ரதவீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். எனக்குச் சொந்தமில்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். முட்டி வலிக்காக வந்தவள், தன் தெருவிலிருந்து மற்ற மூன்று பேரையும் அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் வந்தால் நான்கு ஜோடிச் செருப்பு வாசலில் கிடக்கும். அவள் நின்றால் நான்கும் நின்றுவிடும். அவளை அனுப்புவதா வேண்டாமா என்பது அவள் மாமியார் கையில் இருந்தது. ஆக, இரண்டு வருடம் நான் போட்ட சண்டையின் பலன், நான் பார்த்தே இராத ஒரு மாமியாரின் முகக்குறிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த நாட்டுக்காரனோ, ரோஜாப்பூ நிறத்தில் ஒருவன், வசந்த காலத்தில் ஜிம்மை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வீடியோவில் விளக்கிக்கொண்டிருந்தான். பனி உருகிவிட்டதாம். ஷூவில் வரும் சேறு குறையுமாம். ஜன்னல்களை அகலத் திறந்து புதுக்காற்றை உள்ளே விட வேண்டுமாம். நம்ம ஊரில் பங்குனியில் உருகுவது தார் ரோடும் நானும்தான். சொன்னால் கேட்கிற ஆளா? அவன் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதி, கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய கையோடு வடக்குப் பக்கத்து ஆறு ஜன்னல்களையும் திறந்துவிட்டார்.

வடக்குப் பக்கம் தறி ஷெட். பகல் முழுக்கத் தறி ஓடும், நூலிலிருந்து பஞ்சு பறக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ட்ரெட்மில்லுக்கு நரைத்த தாடி. வியர்வை ஈரத்தோடு இருந்த பெஞ்சுகளில் பஞ்சு ஒட்டி, எல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றன. "இதான் ஒங்க வசந்தமா?" என்று கேட்டுவிட்டு ஆறு ஜன்னலையும் அடித்துச் சாத்தினேன்.

சாத்தியதும் உள்ளே புழுக்கம். புழுக்கத்தில் வியர்வை. கார்த்திகையில் ஒரு ஆள் சிந்துவதைப் பங்குனியில் அவன் படியேறும்போதே சிந்திவிடுகிறான். ரப்பர் மேட் எல்லாம் ஊறிப்போய் நாற்றம் எடுத்தது. சரி, வீடியோக்காரன் கிடக்கிறான், நம்ம ஊர்ப் பங்குனிக்கு நம்மளே ஒரு முறை வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

என் வழக்கமான முறையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து லிட்டர் கேனில் பச்சை நிறத்தில் கிருமி மருந்து வாங்குவோம். ஒரு வாளி நிறையத் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து. அதில் துணியை முக்கிப் பெஞ்சு, கம்பி, கைப்பிடி எல்லாம் துடைப்பேன். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. அப்புறம் காய்ந்த துணியால் ஒரு தடவை. பங்குனியில் குழாய்த் தண்ணீர் குறைந்துவிட்டது. வரும் நாளில் வரும், வராத நாளில் நாம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எனவே வாளியைப் பாதியாக்கினேன். வெறும் தண்ணீரில் துடைப்பதை நிறுத்தினேன். நாற்றம் கூடியிருக்கிறதே என்று மருந்தை மூன்று மூடியாக்கினேன். தண்ணீருக்கும் மிச்சம், கிருமிக்கும் சாவு. எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது. படிக்கட்டு வரை எலுமிச்சை வாசனை அடித்தது. என் வீட்டுக்காரர் தும்மினார். "சுத்தத்தோட வாசன அப்படித்தான் இருக்கும், பழகிக்கிடுங்க" என்றேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். பெஞ்சுகளில் மண் தெரிய ஆரம்பித்தது.

முதலில் ஒரு பெஞ்சில் மட்டும், முதுகு படும் இடத்தில் பழுப்பாக ஒரு பூச்சு. துடைத்தேன். மறுநாள் மூன்று பெஞ்சில். கரிசல் காட்டுக் காற்றில் வந்த மண்ணோ என்று பார்த்தால் கரிசல் கறுப்பாகவல்லவா இருக்கும். ஷூ மண்ணோ என்றால் ஷூவை எவனும் தோள் வைக்கும் இடத்தில் வைக்க மாட்டான். ஜன்னலும் சாத்தியிருக்கிறது. அப்படியானால் வந்தவர்கள்தான் கொண்டுவருகிறார்கள். விடியலில் முதல் ஆளாக வருகிற ஒரு அண்ணாச்சி இருந்தார், பக்கத்து ஷெட்டின் முதலாளி. அவர் எழுந்து போன பெஞ்சில்தான் மண் அதிகம். படிக்கட்டில் மடக்கிக் கேட்டேன்.

"அண்ணாச்சி, காலையில குளிச்சிட்டு வாரீயளா, இல்ல எங்கயாவது உருண்டுட்டு வாரீயளா?"

"காத்துல வந்திருக்கும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்குக் காற்றே இல்லை.

மதினியின் பின்கழுத்திலும், ஜாக்கெட் விளிம்பை ஒட்டி, அதே பழுப்பைப் பார்த்தேன். "முல்தானி மெட்டி போட்டேன், கழுவ மறந்துட்டேன்" என்றாள். முகத்தை விட்டுவிட்டு முதுகுக்கு முல்தானி மெட்டி போடுகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை. நான்கு பேரில் ஒருத்தி. அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. என் வீட்டுக்காரர், கையில்லாத பனியனைத் தவிர வேறு எதையும் சட்டையாக மதிக்காத மனிதர், அந்த வெயிலில் முழுக்கை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டதற்கு, "இப்ப இதான் பேஷன்" என்றார். வீடியோக்காரன் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மண் கூடக் கூட எனக்குக் கோபம் கூடியது. கோபம் கூடக் கூட மருந்து கூடியது. நான்கு மூடி. ஒரு நாள் ஐந்து.

அந்தச் சமயத்தில்தான் என் கையில் அரிப்பு தொடங்கியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகத் தடித்து, ராத்திரி தூங்க விடவில்லை. யாரிடம் சொல்வது? ஊரையே சுத்தம் இல்லை என்று ஏசுகிறவளுக்குப் படை வந்திருக்கிறது என்றால் சிரிக்க மாட்டார்களா? சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு நடமாடினேன். டாக்டரிடம் போகும் எண்ணம் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோலில் எது வந்தாலும் முதலில் கோவில், அப்புறம்தான் டாக்டர். கோவிலுக்குள் இருக்கிற புற்றிலிருந்து மண் எடுத்துக் குழைத்துப் பூசினால் படை, சொறி, தேமல் எல்லாம் இறங்கிவிடும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர்களே பஸ் ஏறி வந்து வாங்கிப் போகும்போது உள்ளூர்க்காரி நான் வாங்காமல் இருப்பேனா?

ஜிம்முக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று விடிந்ததும் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே, வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினெட்டு வருடத்தில் அதுதான் அவர் போன முதல் வாக்கிங்.

புற்று இருக்கிற இடத்துக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி ஒரு ஆள் நின்றார். அந்த முதுகு எனக்குத் தெரியும். இடுப்பிலிருந்து தோள்வரை சிவந்து தடித்திருந்தது. அதில் ஷெட் முதலாளி அண்ணாச்சி மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் முதுகில் ஏற்கெனவே பூசியாகிவிட்டது. தன் முதுகு தனக்கு எட்டாதே, அதனால் ஆளுக்கு ஆள் ஒத்தாசை. அப்பால் மதினி காகிதத்தில் மண்ணை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கட்டையாக, வெள்ளைத் தலையோடு ஒரு அம்மாள். அவர்தான் அந்த மாமியார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் கை என் வீட்டுக்காரர் முதுகிலேயே நின்றுவிட்டது. மாமியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன, ஜிம்ம இங்கனயே மாத்திட்டீயளா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீதான அங்க தொடைக்கிறவ? கேட்டுக்க. இனிமே எம் மருமவ வர மாட்டா. அவளோட வார மூணு பேரும் வர மாட்டாளுக. போன வாரமே முடிவு பண்ணியாச்சு. ஒங்கிட்ட சொல்ல இவளுக்கு வாய் வரல. அதான் நான் சொல்லுதேன்."

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான். அதை யார் மேல் இறக்குவது? பக்கத்தில் புருஷன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

"எத்தன நாளா இது?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் சட்டையை எடுத்து மண்ணின் மேலேயே மாட்டிக்கொண்டார். "நீ அவ்வளவு பாடுபட்டுத் தொடச்சிட்டு இருந்த. எப்படிச் சொல்ல?" என்றார்.

"சொன்னா இன்னும் ரெண்டு தடவ தொடைப்பியோன்னு எங்களுக்குப் பயம்மா" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் கையைத் தூக்கியபோது தலைப்பு விலகி, என் கை எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. பெஞ்சில் படுப்பவர்களுக்கு முதுகில் வந்திருக்கிறது. நான் பெஞ்சில் படுப்பதே இல்லை. பெண்கள் நேரத்திலும் அவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டிருப்பேன். என் கை போவது வாளிக்குள் மட்டும்தான். அதுவும் சரியாக முழங்கை வரை.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் ஊரார் முதுகிலெல்லாம் போட்டிருக்கிறேன்.

அங்கேயே சொல்லிவிட்டேன். "யார் வேர்வையும் இல்ல, எந்தக் கிருமியும் இல்ல. நான் ஊத்துன மருந்து. ஒரு மூடி ஊத்துற எடத்துல அஞ்சு ஊத்தியிருக்கேன், தண்ணி மிச்சம் புடிக்கப் பச்சத் தண்ணில தொடைக்கவும் இல்ல. எல்லாருக்கும் எங் கையாலதான் வந்துச்சு" என்றேன்.

என் வீட்டுக்காரர், "அளவுக்கு மிஞ்சுனா" என்று ஆரம்பித்தார். நான் பார்த்தேன். மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

மாமியார் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஒத்துக்கிட்ட வரைக்கும் சரி. ஆனா இனி எவ நம்பி அங்க முதுகக் குடுப்பா?" என்று சொல்லிவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்கக் கழுவினோம். அண்ணாச்சி ஷெட்டில் ஆழ்துளைக் கிணறு இருந்தது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நூறு கிலோ தூக்குகிற என் வீட்டுக்காரர் வாளியோடு பதினைந்து தடவை மாடியேறியதும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "இத தெனமும் நீ தூக்குதியா?" என்று கேட்டார். அடுத்த வாளியைக் காட்டினேன். ஒவ்வொரு பெஞ்சையும் வெறும் தண்ணீரில் மூன்று தடவை துடைத்துக் காயவிட்டோம். வடக்கு ஜன்னல்களைத் திறந்து, அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து நனைத்துத் திரையாகக் கட்டினோம். பஞ்சு வேட்டியில் ஒட்டிக்கொண்டது, காற்று குளிர்ச்சியாக உள்ளே வந்தது. சாயங்காலம் அதை அலசிவிட்டால் மறுநாளைக்கு ஆயிற்று. பெஞ்சில் படுக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொண்டுவர வேண்டும் என்றோம். மருந்து ஒரு வாளிக்கு ஒரே மூடி. கேனை என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தது அவர் வேலை. நான் ஸ்டூல் போட்டு எடுக்க மாட்டேனா என்ன? எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் அரிப்பு இறங்கியது. புற்றுமண்ணால் இறங்கியது என்றார் அண்ணாச்சி. மருந்தை நிறுத்தியதால் இறங்கியது என்றார் என் வீட்டுக்காரர். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். ஆண்கள் பழையபடி வந்தார்கள். பெண்கள் வரவில்லை. தினமும் பதினொரு மணிக்கு மின்விசிறியைப் போட்டுவிட்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருப்பேன். பங்குனி ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தன் நிபந்தனையைக் குத்திக்காட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு சொல்லி மனசை ஆற்றியிருப்பேன்.

பங்குனி கடைசி நாள். பதினொன்றரை இருக்கும். படியில் சத்தம் கேட்டது. மதினி வந்தாள். முன்னால் அவள் மாமியார், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. பெஞ்சில் விரலால் தேய்த்தார். விரலை மோந்தார்.

"ஒரு வாசனையும் இல்லியே. தொடச்சியா, இல்லியா?"

"தொடச்சிட்டேன் பெரியம்மா."

"எப்படி நம்ப?"

பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, துண்டு கிண்டு ஒன்றும் விரிக்காமல், என் கன்னத்தை அதில் வைத்துப் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் லேசில் எழுந்திருக்கச் சொல்லவில்லை. முட்டி வலித்தது, கழுத்து வலித்தது, நான் அசையவில்லை. எவ்வளவு நேரமோ கழித்து ஒரு கை என் முகத்தைத் திருப்பியது. கட்டைவிரலால் கன்னத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்.

"எந்திரிட்டி" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "துண்ட விரிச்சிப் படு" என்றார்.

மறுநாள் சித்திரை ஒன்று, லீவு. அதற்கு மறுநாள் நான்கு ஜோடிச் செருப்பு வாசலில் கிடந்தது. பழைய நான்கு இல்லை. ஒருத்தி வரவே இல்லை, இன்றுவரை வரவில்லை. நான்காவது ஜோடி மாமியாருடையது. தோளில் துண்டோடு வந்திருந்தார், தன் முட்டிக்கும் ஏதாவது சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மாமியாரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அவுகளச் சேக்காம விட எனக்குத் தைரியம் கெடயாது" என்றார்.

இப்போது தினமும் பெண்கள் நேரத்துக்கு முன் என் கடைசி வேலை அதுதான். துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு பெஞ்சிலும் கன்னத்தை வைத்து எடுப்பேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வசந்த காலத் தாளின் அடியில் என் வீட்டுக்காரர் பேனாவால் இதையும் ஒரு வரியாக எழுதிவைத்திருக்கிறார், என்னைக் கேலி செய்ய. செய்துவிட்டுப் போகட்டும். கன்னத்தை வைக்கும்போதெல்லாம் இரண்டு வாரம் மண்ணைப் பூசி மறைத்துக்கொண்டு வந்த அந்த முதுகுகள்தான் எனக்கு ஞாபகம் வரும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருவராலும் சொல்ல முடியாதபடி நடந்துகொண்டவள் நான்தான்.